சும்மா ஓடும் கணினியை ஆராய்ச்சிக்கு இரவல் கொடுப்பது எப்படி?

பாலக்கோடு பக்கம் கிணற்றுப் பாசனம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்தில் மோட்டாரைப் போடுவார்கள். தன் தக்காளிக்குப் பாய்ந்தது போக மிச்சம் இருந்தால், பக்கத்துக் காட்டுக்கு ஒரு மடை திருப்பி விடுவார்கள். தன் பாத்தி காய்ந்து கிடக்கும்போது யாரும் திருப்பிவிட மாட்டார்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரே கணக்குதான்.

காரிமங்கலத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினிகள். காலை ஒன்பதுக்குப் போட்டால் இரவு எட்டுக்குத்தான் அணைப்பேன். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை நெருக்கும். மற்ற நாட்களில் உண்மையான வேலை மூன்று நான்கு மணி நேரம் இருந்தால் அதிகம். கல்லூரி விடுமுறையில் வந்த அக்கா மகன் ஒருநாள், "மாமா, இது சும்மாதானே ஓடுது, ஆராய்ச்சிக்காவது கொடுங்களேன்" என்றான். அப்படி ஆரம்பித்தது.

விஷயம் எளிது. ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒரு துண்டு இணையம் வழியாக உங்கள் கணினிக்கு வரும். ஓய்வான நேரத்தில் கணினி அதைப் போட்டு முடித்து விடையை அனுப்பும். அப்புறம் அடுத்த துண்டு. நம் கணினி தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டால்? பெரும்பாலான திட்டங்களில் ஒரே துண்டை வேறொருவர் கணினிக்கும் அனுப்பி, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள். 1999இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம்தான் இந்த வழியை உலகத்துக்குப் பிரபலமாக்கியது. வேற்றுக்கிரகவாசிகளின் ரேடியோ சைகையைத் தேடும் திட்டம் அது. 2020 மார்ச் மாதத்தோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே ஆட்கள் உருவாக்கிய பாயிங்க் என்ற மென்பொருள் இன்றும் பல திட்டங்களுக்கு அடித்தளம். நாம் நிறுவப்போவது அதைத்தான்.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகள்

கணினி யாருடையது? உங்களுடையதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். அலுவலகக் கணினி, பள்ளி ஆய்வகக் கணினி என்றால் பொறுப்பானவரிடம் அனுமதி வாங்காமல் கை வைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கல்லூரிக் கணினிகளில் இது போன்ற மென்பொருளைப் போட்ட ஊழியர் ஒருவர் மீது வழக்கே நடந்திருக்கிறது. நல்ல நோக்கம் என்றாலும் மின்சாரம் அடுத்தவருடையது.

இரண்டாவது, மின் கட்டணம். கணினி சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்தைவிடக் கணக்குப் போடும்போது அதிகம் இழுக்கும். ஒரு சாதாரண மேசைக் கணினி கூடுதலாக 50 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் 300 வாட் மணி. இரண்டு மாதப் பில்லுக்கு, அதாவது 60 நாளுக்கு, 18 யூனிட். வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சிலருக்கு இது தெரியவே தெரியாது. ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு என்றால் யோசியுங்கள், அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். என்னுடையது கடை இணைப்பு, இலவசம் கிடையாது. கட்டுபடியாகும் அளவுக்கு மட்டும் ஓடவிடுகிறேன்.

முதல் படி: திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதை மென்பொருள் நிறுவும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. புதியவர்களுக்கு என் பரிந்துரை ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2005 முதல் நடக்கிறது. அமெரிக்காவில் உள்ள லைகோ என்ற கருவிகளின் தரவில் ஈர்ப்பலைகளையும் (விண்வெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகள்), ரேடியோ தொலைநோக்கிகளின் தரவிலும் ஃபெர்மி செயற்கைக்கோளின் தரவிலும் பல்சார் எனப்படும் சுழலும் விண்மீன்களையும் தேடுகிறது. 2010இல் இதன் வழியாக ஒரு புதிய பல்சார் கிடைத்தது. வினாடிக்கு 41 முறை சுழலும் விண்மீன். அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த தரவிலிருந்து அதைப் பிடித்தது எது தெரியுமா? அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியில் ஒருவருடைய கணினியும். மேலே சொன்னேனே, ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்புவார்கள் என்று, அது இதுதான். லைகோ நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா அமைக்க 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

மருத்துவம் சார்ந்து உதவ நினைப்பவர்களுக்கு ரொசெட்டா அட் ஹோம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது, புரதங்களின் வடிவத்தைக் கணக்கிடுவது. அந்த பேக்கருக்கு 2024இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு குறை, வேலை விட்டுவிட்டுத்தான் வரும். ஃபோல்டிங் அட் ஹோமும் புரதம் பற்றியதுதான், ஆனால் பாயிங்க் வழியாக வராது, தனி மென்பொருள். கொரோனா வந்த 2020இல் உலகம் முழுவதும் மக்கள் இதில் சேர்ந்து, மீக்கணினிகளையே (சூப்பர் கம்ப்யூட்டர்) மிஞ்சும் வேகத்தைக் கொடுத்தார்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: யார் நடத்துகிறார்கள், முடிவுகளை எங்கே வெளியிடுகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா. சொல்லாத திட்டம் எனக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: நிறுவுங்கள்

பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தேடினால் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் தளம் வரும். அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். லினக்ஸ்காரர்களுக்கு அவர்கள் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கும். நிறுவி முடித்ததும் திட்டங்களின் பட்டியல் தானே திறக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலும் புதிய கடவுச்சொல்லும் கொடுத்துக் கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சலுக்கு வைத்திருக்கும் அதே கடவுச்சொல்லைப் போட வேண்டாம். பத்து நிமிட வேலை.

மூன்றாம் படி: கட்டுப்பாடுகளைப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். முதல் நாள் எதையும் மாற்றாமல் ஓடவிட்டேன். மத்தியானம் ஒருவர் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் போட வந்தார். பெரிய கோப்பு. நான் சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி தேர் போல் அசைகிறது. "என்னங்க, இன்னைக்கி மிஷினுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார். என் பாத்தி காய, மடையைத் திருப்பிவிட்டிருக்கிறேன்.

மேலே உள்ள மெனுவில் ஆப்ஷன்ஸ், அதற்குள் கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ். அதில் இவற்றைப் பாருங்கள்.

சிபியுவில் எத்தனை சதவீதம் என்று ஒரு பெட்டி இருக்கும். 50 போடுங்கள். நான்கு கோர் இருந்தால் இரண்டு மட்டும் வேலை செய்யும். அதன் பக்கத்திலேயே சிபியு நேரம் என்று இன்னொரு சதவீதம் இருக்கும். அதைக் குறைத்தால் கணக்கு நின்று நின்று ஓடும். சூட்டைக் குறைக்க உதவும் என்றாலும் நான் முதல் பெட்டியைக் குறைப்பதையே விரும்புகிறேன்.

கணினி பயன்பாட்டில் இருக்கும்போது நிறுத்து என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். சுட்டியோ விசைப்பலகையோ மூன்று நிமிடம் அசையாவிட்டால்தான் கணக்கு தொடங்கும், கை வைத்தவுடன் நின்றுவிடும். கடைக்காரனுக்கு இது உயிர்.

பேட்டரியில் இருக்கும்போது நிறுத்து என்பதிலும் டிக். மடிக்கணினிக்கு இது போதும். மேசைக் கணினியில் ஒரு சிக்கல் இருக்கிறது. யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி வயர் கணினிக்கு வந்திருந்தால்தான் கரண்டு போனது அதற்குத் தெரியும். வெறும் பவர் வயர் மட்டும் என்றால் அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும், யுபிஎஸ் சீக்கிரம் கீச்சிட ஆரம்பிக்கும்.

நெட்வொர்க் பகுதியில் இத்தனை நாளைக்கு இத்தனை எம்பி என்று வரம்பு வைக்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணையம் எடுப்பவர்கள் இதை மறந்தால் அன்றைய டேட்டா காலையிலேயே காலி. சில திட்டங்கள் பெரிய பெரிய கோப்புகளை இறக்கும்.

கடைசியாக, எத்தனை நாள் வேலையைச் சேமித்து வைப்பது என்ற பெட்டி. குறைவாகவே வையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. ஒரு வாரம் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது என் கணினியில் இருந்த துண்டுகள் பாதி கெடு தாண்டிவிட்டிருந்தன. அவை வேறு யாருக்கோ போயிருக்கும்.

நான்காம் படி: முதல் வாரம் கவனியுங்கள்

விசிறிச் சத்தம் கூடும், அது இயல்பு. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் சதவீதத்தைக் குறையுங்கள், அல்லது பெட்டியைத் திறந்து தூசியை ஊதுங்கள். ரோட்டோரக் கடை என்பதால் என் கணினிக்குள் மெத்தை அளவுக்குத் தூசி இருந்தது. சித்திரை வெயிலில் நான் 25 சதவீதத்துக்கு இறக்கிவிடுவேன், மத்தியானம் முழுக்க நிறுத்திவிடுவேன். டெய்லி ஷெட்யூல்ஸ் என்ற பகுதியில் நேரத்தைக் குறித்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கிரெடிட் என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போகும். அது மதிப்பெண், காசு இல்லை. எத்தனை ரூபாய் வரும் என்று பக்கத்துக் கடைக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆண்ட்ராய்டு கைபேசியிலும் பாயிங்க் ஓடும். சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில் மட்டும் ஓடும்படிதான் அதன் இயல்பான அமைப்பு. ஆனாலும் தினமும் கையில் வைத்திருக்கும் போனில் நான் போடமாட்டேன். சூடும் பேட்டரியும் ஒத்துப்போகாது.

நிறுத்த வேண்டும் என்றால்

சட்டென்று நீக்கிவிட வேண்டாம். அட்வான்ஸ்டு வியூவுக்குப் போய், ப்ராஜெக்ட்ஸ் பகுதியில் உங்கள் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நோ நியூ டாஸ்க்ஸ் என்ற பொத்தானை அழுத்துங்கள். கையில் இருக்கும் துண்டுகளை முடித்து அனுப்பிவிடும், புதிதாக எதையும் வாங்காது. பட்டியல் காலியான பிறகு திட்டத்தை நீக்கி, மென்பொருளையும் மற்ற மென்பொருள் போலவே நீக்கிக்கொள்ளலாம்.