இரண்டு நம்பிக்கையாளர்கள், ஒரே அறை: சிறிய செலவில் அறச்சிக்கலைப் படமாக்க

உங்கள் திரைக்கதையில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் வந்து, ஆணவமாகப் பேசி, கடைசிக் காட்சியில் கண்ணீரோடு தலைகுனிகிறார் என்றால், முதல் வேலையாக அவரை நீக்கிவிடுங்கள். படத்தில் இனிமேல் யார் யாரோடு மோதுவது என்ற கேள்வி எழும். உண்மையான திரைக்கதை வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நான் படத்தொகுப்பாளர். கருக்கலைப்பு, கருணைக்கொலை, மரண தண்டனை, மணமுறிவு போன்றவற்றைப் பற்றி, நம்பிக்கை உள்ளவர்கள் சிறு தொகையைத் திரட்டி எடுக்கும் படங்கள் என் மேசைக்கு வருகின்றன. எனக்கும் நம்பிக்கை உண்டு. இந்தப் படங்கள் வெல்ல வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அவை தோற்பதற்குப் பணக்குறைவைக் காரணம் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. பத்தாவது நிமிடத்திலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டால், மீதி எண்பது நிமிடம் பார்வையாளர் எதற்காக உட்கார வேண்டும்?

ஆகவே மோதலை இரண்டு நம்பிக்கையாளர்களுக்கு இடையே வையுங்கள். இருவரும் தொழுபவர்களாக, தங்கள் மறைநூலை அறிந்தவர்களாக இருக்கட்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியாதவர்களாக இருக்கட்டும். எந்தச் சமயத்தை எடுத்துக்கொண்டாலும் இதற்கு இடம் உண்டு. 1957 நவம்பரில் மயக்கமருந்து மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்தபோது, உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாளவே ஒருவர் கடமைப்பட்டிருக்கிறார், தாங்க முடியாத சுமையாகும் அசாதாரண வழிகள் கட்டாயமில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் விளக்கினார். மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் வாசகம் திருத்தப்பட்டது 2018இல்தான். உங்கள் சமயத்துக்குள் நடந்த இப்படிப்பட்ட விவாதங்களை எழுதுவதற்கு முன்பே தேடிப் படியுங்கள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் தந்தை, அவருடைய இரண்டு மகள்கள் என்று வைத்துக்கொள்வோம். குழாயை எடுப்பது கொலை என்கிறாள் மூத்தவள். எடுக்க மறுப்பது கடவுளின் அழைப்பைத் தடுப்பது என்கிறாள் இளையவள். இருவருக்கும் வேத வசனம் தெரியும். ஒரு மருத்துவமனை அறை, ஒரு நடைக்கூடம், ஒரு சமையலறை ஆகிய மூன்று இடங்கள் போதும் முழுப் படத்துக்கும்.

இதைப் பயில எனக்குத் தெரிந்த நல்ல பாடம், போலந்துத் தொலைக்காட்சிக்காக இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த ‘டெகலாக்’ வரிசை. பத்துக் கட்டளைகளை ஒட்டிய பத்துப் படங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டாவது படத்தில் ஒரு பெண்ணின் கணவன் சாகக் கிடக்கிறான். அவள் வயிற்றில் வளர்வது வேறொருவனின் குழந்தை. கணவன் பிழைப்பான் என்றால் கருவைக் கலைத்துவிடுவாள், இறப்பான் என்றால் பெற்றுக்கொள்வாள். ‘பிழைப்பாரா?’ என்று முதிய மருத்துவரிடம் கேட்கிறாள். அவர் நம்பிக்கையுள்ளவர். அவர் வாயிலிருந்து வரும் ஒற்றைச் சொல்லில் ஓர் உயிர் தொங்குகிறது. கூட்டமும் இல்லை, பெரிய அரங்கமும் இல்லை, இரண்டு முகங்கள்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த வரிசையை அவரோடு சேர்ந்து எழுதிய பியெசெவிச் ஒரு வழக்கறிஞர். நீதிமன்றத்தில் மனிதர்களைக் கண்டவர். உங்கள் பொருள் மருத்துவம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவரை எழுத்து மேசைக்கே அழைத்து வாருங்கள். எழுதி முடித்த பிறகு பிழை திருத்தக் கொடுப்பது போதாது.

வசனத்துக்கு நான் வைக்கும் சோதனை கடுமையானது. நீங்கள் ஏற்காத கருத்தைச் சொல்லும் பாத்திரத்தின் வசனங்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். அதே கருத்தை வாழ்க்கையில் உண்மையாகவே கொண்டிருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ‘இதைவிட நன்றாக நானே சொல்லியிருப்பேன்’ என்றால், அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். ‘ஆமாம், இதைத்தான் நான் நினைக்கிறேன்’ என்று சொல்லும்வரை விடாதீர்கள். உங்களிடம் உள்ள நடிகர்களில் மிகச் சிறந்தவருக்கு அந்த வேடத்தைக் கொடுங்கள். உங்கள் நம்பிக்கை வலிமையானது என்றால் வலிமையான எதிர்வாதத்தைக் கண்டு அது அஞ்ச வேண்டியதில்லை.

இனி செலவு. திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு. தொண்ணூறு பக்கத்தை நாளுக்கு ஐந்து பக்கம் என்று எடுத்தால் 18 நாள். இடம் மாறினால் அன்றைய வெளிச்சத்தில் பாதி போய்விடும். அதனால் இடங்களைக் குறையுங்கள், நடிகர்களைக் குறையுங்கள், ஒத்திகையைக் கூட்டுங்கள். ஒத்திகைக்கு வாடகை இல்லை. 2008இல் வெளிவந்த ‘ஃபயர்ப்ரூஃப்’ படத்தை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி நகரத்துப் பாப்டிஸ்ட் சபை ஒன்று, பெரும்பாலும் தொண்டர்களை வைத்தே, ஏறக்குறைய 5 லட்சம் டாலரில் எடுத்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் அது 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. தன் மனைவியைத் தவிர வேறு யாரையும் முத்தமிட மாட்டேன் என்பதில் அதன் நாயகன் கிர்க் கேமரன் உறுதியாக இருந்தார். அதனால் முத்தமிடும் அந்த ஒரு காட்சிக்கு அவருடைய மனைவியையே கதாநாயகியின் இடத்தில் நிறுத்தி, நிழலுருவமாக எடுத்தார்கள். கொள்கையும் காப்பாற்றப்பட்டது, காட்சியும் கிடைத்தது. தொண்டர்களை வைத்து எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சம்பளம் இல்லாதவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் சொன்ன நேரத்தில் வீடு திரும்பும் உரிமையும் உண்டு. ‘இது கடவுளின் பணி’ என்று சொல்லி ஒருவரைப் பதினாறு மணி நேரம் நிற்க வைப்பது அநியாயம்.

கேமராவுக்குக் கடன் வாங்காதீர்கள். கையில் பணம் இருந்தால் ஒலிக்குச் செலவிடுங்கள். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். கேட்காத வசனத்தைப் பொறுக்க மாட்டார். உங்கள் படம் முழுவதும் பேச்சு என்பதால் இது இரட்டிப்பு உண்மை. நீண்ட கோலில் பொருத்திய பூம் மைக்கை நடிகரின் தலைக்கு மேலே, சட்டகத்தின் விளிம்பைத் தொடும் அளவுக்கு அருகில் கொண்டுவாருங்கள். சட்டையில் ஒரு சிறு மைக்கும் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். வெற்றுச் சுவர்களில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, வெறும் அறையின் ஓசையை அரை நிமிடமாவது பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் வெட்டுகளுக்கு இடையே ஒலியில் குழி விழும்.

படத்தொகுப்பாளராக நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: கேட்பவரின் முகத்தை எடுங்கள். முழுக் காட்சியையும் பேசுபவர் மீது ஓட்டியதைப் போலவே, கேட்பவர் மீதும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுங்கள். அறச்சிக்கல் நடப்பது கேட்பவரிடம்தான். தங்கை பேசப் பேச அக்காவின் தாடை இறுகுவதும், ஒரு சொல்லில் அவள் கண் தாழ்வதும் கிடைத்தால் இரண்டு பக்க வசனத்தை என்னால் வெட்டி எறிய முடியும். அது கிடைக்காத இடத்தில்தான் பின்னணி இசையைக் கொட்டி நிரப்புகிறார்கள்.

கடினமான காட்சியை எவ்வளவு காட்டுவது என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். கருக்கலைப்பை எதிர்க்கும் ‘அன்பிளான்ட்’ என்ற அமெரிக்கப் படத்துக்கு 2019இல் ‘ஆர்’ தரச்சான்று கிடைத்தது. அந்தச் சான்று பெற்ற படத்துக்கு, பெற்றோரோ வயது வந்த காப்பாளரோ உடன் வராமல் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் அரங்குக்குள் நுழைய முடியாது. இளையவர்களுக்காக எடுக்கும் படம் என்றால் இது சிறிய விஷயம் அல்ல. தற்கொலை உங்கள் கதையில் வருமானால் முறையைக் காட்டவே காட்டாதீர்கள். திரைக்கலைஞர்களுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது; இயக்குநரும் எழுத்தாளரும் அதைப் படித்தே ஆக வேண்டும்.

பிரார்த்தனைக் காட்சிக்கு என் விதி இதுதான்: வேண்டியது உடனே கிடைக்கக் கூடாது. மகள் மன்றாடுகிறாள், அடுத்த காட்சியில் தந்தை கண் திறக்கிறார் என்றால், அந்த அரங்கில் மன்றாடியும் தந்தையை இழந்த ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்ன சொல்கிறீர்கள் என்று யோசியுங்கள். பிரார்த்தனை மகளின் நிலைமையை மாற்றாமல், அவள் அடுத்து எடுக்கும் முடிவை மாற்றட்டும். அதை நடிக்க முடியும், படமாக்கவும் முடியும்.

பாடல் உரிமையில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பழைய துதிப்பாடல் பொதுச்சொத்தாக இருக்கலாம். அதனாலேயே அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடாது. உங்கள் குழுவையே பாட வைத்துப் பதிவு செய்யுங்கள். உண்மைக் கதை என்றால் சம்பந்தப்பட்டவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். திரைக்கதை மாறும்போதெல்லாம் அவருக்கு மறுபடி படித்துக் காட்டுங்கள்.

முதல் தொகுப்பு தயாரானதும் உங்கள் சபையாரைக் கூட்டாதீர்கள். அவர்கள் உங்களை நேசிப்பவர்கள், கைதட்டிவிடுவார்கள். வேறு நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள், அந்தச் சிக்கலை நேரில் கடந்தவர்கள் என ஒரு சிறு குழுவைக் கூப்பிடுங்கள். ‘பிடித்ததா?’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் யாரை நம்ப முடியாமல் போனது?’ என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சொன்னால், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்த காட்சியானாலும் வெட்டுங்கள்.

திரையிடலுக்குப் பின் கலந்துரையாடல் வைப்பதாக இருந்தால், போதகர் முதலில் பேச வேண்டாம், பார்த்தவர்கள் பேசட்டும். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரை அரங்கின் பின்வரிசையில் உட்கார வைத்து, அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் படம் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள்.