சின்ன வயதில் படித்த குட்டி மனிதர், குட்டி விலங்குக் கதைகளை மறுபடி படிக்கப் போகிறீர்களா?

முதலில் ஒன்று, புத்தகத்தை உடனே திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, அந்தக் கதையில் என்னவெல்லாம் நினைவிருக்கிறதோ அதை எழுதுங்கள். பெயர் மறந்திருந்தாலும் பரவாயில்லை. தீப்பெட்டியில் செய்த அலமாரியோ, சுவருக்குள் குடியிருந்த எலியோ, எது வருகிறதோ அது. நாலு பக்கம் படித்துவிட்டால் பழைய நினைவின் மேல் புதுசு ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எது எப்போது வந்தது என்று பிரிக்கவே முடியாது.

மேரி நார்ட்டனின் 'தி பாரோவர்ஸ்' (1952) நாவல், மனிதர் வீட்டில் ஒளிந்து வாழும் ஒரு குட்டிக் குடும்பத்தின் கதை. அதற்கு நான் எழுதிவைத்தது இது: தரைக்கு அடியில் வீடு, சுவரில் படங்களாகத் தபால்தலைகள், பெரிய ஜன்னல், நிறைய வெயில். வீடும் தபால்தலையும் சரி. ஜன்னல்தான் இல்லவே இல்லை! இருப்பது ஒரு கம்பித் தடுப்பு. அதன் வழியாகத்தான் அந்த வீட்டுப் பெண் அரியட்டி தோட்டத்தில் ஒரு துண்டைப் பார்க்கிறாள். அந்த வெயிலை எங்கிருந்து கொண்டுவந்தேனோ தெரியவில்லை. சின்ன வயதில் அங்கே குடிபோக ஆசைப்பட்டேன். இப்போது படித்தால், வெளியே விடாமல் வளர்க்கப்படும் ஒரு பெண்ணும், மனிதர் யார் கண்ணிலாவது பட்டுவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று பதறும் அம்மாவும்தான் கண்ணில் படுகிறார்கள். பாவம் அந்த அம்மா ஹோமிலி, அவளைச் சும்மா புலம்புகிறவள் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அடுத்தது பதிப்பு. கல்லிவர் கதை 1726-இல் வந்தபோது அதில் நாலு பயணங்கள். சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடும். குட்டி மனிதர் நாடான லில்லிபுட்டின் அரண்மனையில் பிடித்த தீயை அவன் சிறுநீர் கழித்து அணைப்பதும் பல பதிப்புகளில் வராது. பழைய சந்தோஷம்தான் வேண்டுமென்றால் அதே சுருக்கப் பதிப்பைத் தேடுங்கள், முழுக்கதை வேண்டுமென்றால் அட்டையில் 'சுருக்கம்' என்று போடாததாகப் பார்த்து வாங்குங்கள். ஓவியர் பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும்: 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' வந்தது 1908-இல், ஆனால் அந்த எலியும் தேரையும் என்றதும் பலர் மனதில் வரும் ஷெப்பர்டின் படங்கள் 1931-இல்தான் வந்தன.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லில்லிபுட்காரர்களின் உயரம் ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நம்மில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கல்லிவருக்கு ஆயிரத்து எழுநூறு பேருக்கு மேல் சாப்பிடும் சாப்பாடு எதற்கு என்று சின்ன வயதில் யார் யோசித்தோம்? நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 12 மடங்கு, பெருக்கினால் 1728. வேகமாகப் படித்தால் இதெல்லாம் கைநழுவிப் போகும்.

பயங்கரமான இடங்களும் வரும். பியாட்ரிக்ஸ் பாட்டரின் கதையில் வரும் பீட்டர் முயலின் அப்பாவைச் சமைத்துவிட்டார்கள் என்பது கதை தொடங்கியதுமே ஒரே வரியில் சொல்லப்படுகிறது. குழந்தைக்குப் படித்துக்காட்டினால் அங்கே குரலைத் தாழ்த்தி நிறுத்தாதீர்கள். நாமும் அந்த வரியைச் சாதாரணமாகத்தானே தாண்டிப் போனோம்.

சரி, முடித்த கையோடு அடுத்த பாகத்தில் இறங்க வேண்டாம். பாரோவர்ஸ் வரிசையில் நாலாவது நாவல் 1961, ஐந்தாவது 1982. எழுதியவரே 21 வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறார், நாம் ஒரு மாதம் பொறுக்கலாம்.