ரிங்லெட் பக்கம் சின்னக் கல்யாணம்: மழைக்குத் தப்பி மலையில் தாலி கட்டுவது எப்படி

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊர்ப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஓரமாகப் பத்துப் பேரை மட்டும் வைத்துத் தாலி கட்ட நினைக்கும் ஜோடிகள் மாதத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், ஏப்ரல், மே இன்னொரு சுற்று என்பது உண்மைதான். ஆனால் எந்த மாதமானாலும் காலை வெயிலில் ஈரக்காற்று மேலே ஏறி, மதியம் இரண்டு மணிக்கு மேல் கொட்டுவதுதான் இங்கே வழக்கம். அதனால் தேதியைவிட மணிதான் முக்கியம். சடங்கு எல்லாம் காலை 10 மணிக்குள் முடிய வேண்டும்.

முதல் வேலை: பதிவு

யாருக்கும் தெரியாமல் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) அலுவலகத்தில் உங்கள் பெயர் 21 நாள் அறிவிப்பில் தொங்கும். அத்தை, மாமா யாராவது பார்க்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். 1976 திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்கள் மனுக் கொடுக்குமுன் அந்த வட்டாரத்தில் 7 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். 21 வயதுக்குக் கீழே என்றால் அப்பாவின் சம்மதம் தேவை. மனுவுக்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும்.

தாலி மட்டும் கட்டினால் சட்டத்தில் கல்யாணம் ஆகாது. எளிய வழி இதுதான்: சொந்த ஊர் ஜேபிஎன்னில் பதிவை முதலிலேயே முடித்துவிடுங்கள், சடங்கை மட்டும் மலைக்குக் கொண்டு போங்கள். பிறகு மழை வந்தாலும் பாதிக்கப்போவது சடங்கு மட்டும்தான்.

இடமும் நேரமும்

தேயிலைக்காடு தனியார் நிலம். தோட்ட ஆபீஸில் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தப் பாத்தியில் என்றைக்கு மருந்து அடிப்பார்கள் என்று கிராணியிடம் (தோட்டத்து எழுத்தரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டக் கோயில் மண்டபத்தையும் அன்றைக்கே சொல்லி வையுங்கள். மழை பிடித்தால் அதுதான் மணவறை. அனுமதி இல்லாத காட்டுப் பகுதியில் ஹோமம் வளர்க்கக் கூடாது.

ரிங்லெட் அணைக்குக் கீழே பெர்த்தாம் வேலி (பள்ளத்தாக்கு) ஆற்றோரம் படத்துக்கு அழகாக விழும். வேண்டாம். மழை கூடினால் அணையைத் திறப்பார்கள். 2013 அக்டோபரில் அப்படித் திறந்தபோது அங்கே உயிர்கள் போயின.

முகூர்த்தத்துக்கு உள்ளூர்ப் பஞ்சாங்கம் பாருங்கள். ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆறு மணிக்கு விடிகிற கணக்கில் திங்கள் 7.30 முதல் 9 வரை என்று அச்சடித்தது, ஏழு மணியளவில் விடிகிற நமக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.

குருக்களும் சாட்சிகளும் முதல் நாள் இரவே மேலே வந்துவிட வேண்டும். மலைக்கு ஏறும் தாப்பா ரோட்டில் மண் சரிந்தால் சிம்பாங் பூலாய் வழியாகச் சுற்றி வரவேண்டியிருக்கும். காலை முகூர்த்தம் அதோடு போச்சு. வார இறுதியும் பள்ளி விடுமுறையும் வேண்டாம், நெரிசல்.

ஹோமம்தான் தலைவலி

விடியலில் 15, 16 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் நெய் கட்டியாகிவிடும், கரண்டியில் எடுத்தால் தீயில் ஒழுகாது. நெய்ப் பாட்டிலைச் சுடுநீர் ஊற்றிய பாத்திரத்தில் வைத்துக் கொண்டு போங்கள். சமித்தையும் விறகையும் முதல் நாளே இரட்டைப் பிளாஸ்டிக்கில் கட்டிவிடுங்கள். பனியில் ஒரு இரவு திறந்து கிடந்தால் புகைதான் வரும், மணமக்கள் கண்ணீர் விட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். கற்பூரம் காற்றில் அணையும். பெரிய பிஸ்கட் டின்னை ஒரு பக்கம் வெட்டி மறைப்பாக வையுங்கள்.

கெனோப்பி (துணிப் பந்தல்) உயரம் எட்டு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும், தீயைச் சிறியதாக வளருங்கள். கூரையை ஒரு பக்கம் சாய்த்துக் கட்டாவிட்டால் தண்ணீர் தேங்கி மொத்தமாக இறங்கும்.

தாலிக்கு ஒரு ஒத்திகை அவசியம். குளிரில் விரல் விறைத்துப்போகும், கயிறு கொண்டைக்கும் மாலைக்கும் நடுவே சிக்கும். மூன்று முடிச்சையும் மாலை போட்ட நிலையிலேயே போட்டுப் பாருங்கள். பட்டுச்சேலையை இரண்டு அங்குலம் உயர்த்திப் பின் குத்துங்கள். தோட்டத்துச் செம்மண் ஒட்டினால் போகாது. பாத்தி வரை மூடிய செருப்பு, பையில் அட்டைப்பூச்சிக்கு உப்பு.

அன்று காலை

5.30க்கு மெட்மலேசியா (வானிலைத் துறை) ரேடார் பாருங்கள், முடிவை ஒருவர் மட்டும் எடுக்கட்டும். வெறும் மூடுபனி என்றால் காத்திருங்கள், வெயில் ஏறியதும் பெரும்பாலும் விலகும். தூறல் என்றால் கெனோப்பியில் தொடரலாம். இடி கேட்டால் மேட்டில் ஒருவரும் நிற்க வேண்டாம், கோயில் மண்டபத்துக்குப் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே.

ஏர்கோன் வேனில் குளிர்ந்த கேமராவை உடனே எடுத்தால் லென்ஸ் பனிக்கலாம். வேனைவிட்டு இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏர்கோனை அணைத்துவிடுங்கள்.

சாப்பாட்டைச் சுருக்கி மதியம் ஒரு மணிக்குள் இறக்கத்தைத் தொடங்குங்கள். தாப்பா வளைவுகளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காது. சின்ன கியரில் இறங்குங்கள்.