பழைய அவுட்போர்டு மோட்டார் வாங்கப் போறீங்களா? சத்தத்த விடுங்க, தண்ணிய பாருங்க

போன வருஷம் நானும் மச்சானும் பாதி பாதி போட்டு கோவளத்துல ஒரு பத்தடி ஃபைபர் டிங்கி, அதாவது சின்ன படகு, வாங்கினோம். நாலு ஞாயித்துக்கிழமை துடுப்பு போட்டதுல தோள்பட்டை ரெண்டும் போச்சு, சரி பழைய அவுட்போர்டு (படகோட பின்பலகையில மாட்டுற மோட்டார்) ஒண்ணு மாட்டிடலாம்னு எறங்கினோம், பொழுதுபோக்குக்கு புதுசு வாங்குற அளவுக்கு ரெண்டு பேருக்கும் வசதி இல்ல. காசிமேடு பக்கம் ஒருத்தர்கிட்ட யமஹா 8 எச்பி டூ ஸ்ட்ரோக் இருந்துச்சு, கயிற ஒரே இழுப்பு, டபக்னு ஸ்டார்ட் ஆச்சு, அந்த சத்தத்துக்கே மச்சான் பர்ஸ எடுத்துட்டான். வீட்டுக்கு கொண்டு வந்து கியர் ஆயில் ஸ்க்ரூவ கழட்டினா ஆயில் தண்ணி கலந்து டீக்கடை டீ மாதிரி ஊத்துது. அப்புறம் நாலு மாசம் அத பிரிச்சு மாட்டி கத்துகிட்டதுதான் கீழ எழுதியிருக்கறது.

டூ ஸ்ட்ரோக்ல மேல் பாகம் ரொம்ப சிம்பிள், நல்ல பைக் மெக்கானிக்கே பாத்துடுவாரு. மோட்டார சாகடிக்கறது உப்புத்தண்ணிதான். இன்ஜின ஆற வைக்கற தண்ணி போக வேண்டிய வழியில போகுதா, போகக்கூடாத எடத்துக்குள்ள போயிருக்கா, இந்த ரெண்டையும் பாத்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

தேடறதுக்கு காசிமேடு, கோவளம், பழவேற்காடுன்னு குப்பத்துலயே நேரா போய் விசாரிக்கலாம், டீசல் லாங் டெயிலுக்கு (நீளத் தண்டு வெச்ச மோட்டார்) மாறுனவங்க வீட்டுல பழசு சும்மா கெடக்கும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், காசிமேட்டு பட்டறைங்க விசைப்படகு வேலையில மூழ்கி இருக்கும், உங்க குட்டி மோட்டார யாரும் தொட மாட்டாங்க, அத விட்டு மத்த மாசத்துல போங்க. போறதுக்கு முன்னாடி உங்க படகோட பின்பலகைய மேல் விளிம்புலேர்ந்து அடி வரைக்கும் டேப் வெச்சு அளந்துக்கோங்க. 15 இன்ச் பக்கம் வந்தா ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) மோட்டார் வேணும், 20ன்னா லாங். ப்ரொப்பல்லருக்கு மேல ஒரு தட்டையான தகடு இருக்கும் பாருங்க, அது படகோட அடிமட்டத்துக்கு நேராவோ ஒரு இன்ச் கீழயோ வரணும், மேல போனா காத்த இழுத்து இன்ஜின் அலறும், படகு நகராது.

எடத்துக்கு போனதும் முதல்ல மூடிய கழட்டி இன்ஜின தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம், ஆற விட்டு ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, டீ குடிச்சிட்டு வரேன்ணான்னு நகர்ந்துடுங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே கியர் ஆயில் அடி ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணுங்க, நாங்க இதத்தான் பண்ணல. தண்ணி அடியில தங்கி இருக்கும், அதனால சீல் (தண்ணி உள்ள வராம தடுக்கற ரப்பர் வளையம்) போயிருந்தா முதல்ல தண்ணி சொட்டும், ஓட்டிட்டு பாத்தா ரெண்டும் கலந்து பால் மாதிரி வரும். அதுவாச்சும் பரவால்ல, சீல் மாத்திக்கலாம். ஆயில்ல வெள்ளித்தூள் மாதிரி மின்னுச்சுன்னா கியரே தேஞ்சிருக்கு, வணக்கம் சொல்லிட்டு கெளம்புங்க.

எங்க மோட்டார காசிமேட்டுல ஒரு பெரியவர்கிட்ட காட்டினப்போ "இன்னா தம்பி, கியருக்கு பால் ஊத்தி வளக்குறியா"ன்னாரு. ப்ரொப்பல்லர கழட்டி ஷாஃப்ட்ட காட்டினாரு, சீல ஒட்டி தங்கூசி நரம்பு, அதான் மீன் பிடிக்கற நைலான் நரம்பு, ஒரு முழம் சுத்தி இறுகி இருந்துச்சு. அது உருகி சீல் விளிம்ப அறுத்து தண்ணி உள்ள போயிருக்கு. வாங்கும்போதே ப்ரொப்பல்லர கழட்டி பாக்க ரெண்டு நிமிஷம்தான்.

சிலிண்டர் அழுத்தத்த அளக்கற கம்ப்ரெஷன் கேஜ தெரிஞ்ச பைக் கடையில வாங்கிட்டு போங்க. ரெண்டு ப்ளக்கையும் கழட்டி, த்ராட்டில முழுசா திறந்து, கயிற நாலஞ்சு தடவ இழுங்க. ரெண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, எண்ணு கொஞ்சம் கம்மியா இருந்தாலும் ரெண்டும் ஒண்ணா இருக்கறதுதான் முக்கியம். சிலிண்டர் தலைப்பக்கம் பெயிண்ட் கருகி உரிஞ்சிருந்தா தண்ணி இல்லாம சூடேறி ஓடின மோட்டார். பெட்ரோல் மோட்டாரா கிருஷ்ணாயில் மோட்டாரான்னும் கேட்டுக்கோங்க, ரெண்டாவது வகைய பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் மாத்தணும், நமக்கு அந்த தலைவலி வேண்டாம். நம்பர் ப்ளேட்ட சுரண்டி இருந்தா விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் தொடாதீங்க.

இப்ப ரிப்பேர். முதல் எதிரி போல்ட்டு. அலுமினியத்துக்குள்ள ஸ்டீல் போல்ட்டு, நடுவுல வருஷக்கணக்கா உப்பு, வெல்டிங் வெச்ச மாதிரி பிடிச்சிருக்கும். எடுத்ததும் ஸ்பானர் போட்டு தம் கட்டினா தலை முறிஞ்சு கையோட வரும் (எனக்கு ரெண்டு வந்துச்சு, லேத்துப் பட்டறையில ட்ரில் போட்டு எடுத்தோம்). துரு விடற ஆயில் அடிச்சு மூணு நாள் ஊற விடுங்க, ஆயில நல்லா துடைச்சிட்டு சுத்தி இருக்கற அலுமினியத்த டார்ச்சுல சூடு காட்டுங்க, சுத்தியல்ல தலைய லேசா தட்டுங்க, அப்புறம் கொஞ்சம் இறுக்கி கொஞ்சம் லூஸ் பண்ணி முன்ன பின்ன ஆட்டி எடுங்க. திருப்பி மாட்டும்போது எல்லாத்துக்கும் மெரைன் கிரீஸ்.

அடுத்தது வாட்டர் பம்ப். பழசுல இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுத்தி தண்ணிய மேல தள்ளுற ரப்பர் சக்கரம்) நல்லா இருக்குன்னு யாரு சத்தியம் பண்ணாலும் புதுசு போட்டுடுங்க. கியர் இருக்கற அடிப்பாகத்த கழட்டணும், அதுக்கு முன்னாடி கியர் ராடு இணைப்ப விடுவிக்க மறந்துடாதீங்க. எங்களோடத கழட்டினப்போ ஆறு இறக்கையில ரெண்டு இல்ல, அந்த ரப்பர் துண்டு மேல தண்ணிக் குழாய்ல போய் அடைச்சிட்டு இருந்துச்சு, அத தேடி எடுக்காம புது இம்பெல்லர் போட்டிருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. ஷாஃப்ட்டுல ஒரு குட்டி சாவி (இம்பெல்லர ஷாஃப்ட்டோட பூட்டுற இரும்புத் துண்டு) இருக்கும், அது கீழ விழுந்தா தேடி மாளாது, அடியில ஒரு வெள்ளத் துணிய விரிச்சுக்கோங்க. ஷாஃப்ட் பல்லுக்கு கிரீஸ் தடவுங்க, உச்சி முனையில மட்டும் வேண்டாம், அங்க கிரீஸ் சேந்தா ஷாஃப்ட் முழுசா உள்ள உக்காராது. புது கியர் ஆயில கீழ் ஓட்டை வழியா ஏத்தணும், மேல் ஓட்டையில வழியற வரைக்கும், அப்புறம் மேல் ஸ்க்ரூவ முதல்ல மூடணும்.

கார்புரேட்டர பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல, ஜெட்ட (பெட்ரோல் வர்ற சின்னத் துளை உள்ள திருகு) கழட்டி ஸ்ப்ரே அடிச்சு ஊதுங்க, கம்பி விட்டு குத்தாதீங்க. ஆனா பெட்ரோல்ல கவனம். இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், நம்ம ஊரு கடற்கரை ஈரத்துக்கு கேக்கணுமா, மாசக்கணக்கா டேங்க்ல விட்டா தண்ணி அடியில பிரிஞ்சு நிக்கும், பழைய ரப்பர் குழாயும் ஊறி பிசுபிசுன்னு ஆயிடும். குழாய மொத்தமா மாத்திட்டு அன்னன்னைக்கு வேண்டியத மட்டும் கலந்துக்கோங்க. டூ ஸ்ட்ரோக்குக்கு பெட்ரோல்லயே ஆயில் கலக்கணும், 50க்கு 1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, ரொம்ப பழைய மாடல்ல 25க்கு 1 கேக்கும், மேனுவல பாருங்க. ஆயில் டிசி-டபிள்யூ3 போட்ட மெரைன் ஆயிலா இருக்கட்டும், பைக் 2டி ஆயில் காத்துல ஆறுற இன்ஜினுக்கானது.

டெஸ்ட்டுக்கு 200 லிட்டர் நீல ட்ரம், திறந்த எடத்துல. ப்ரொப்பல்லர கழட்டிட்டு, தண்ணி உறிஞ்சற ஓட்டையும் பம்ப்பும் முழுகற அளவுக்கு தண்ணி ரொப்புங்க. தண்ணி இல்லாம அஞ்சு செகண்ட் ஓட்டி பாக்கலாம்னு ஆசைப்படாதீங்க, இம்பெல்லர் அங்கயே கருகிடும். ஸ்டார்ட் ஆனதும் பின்பக்க சின்ன ஓட்டையில தண்ணி பீச்சி அடிக்கணும். எங்களுக்கு முதல் தடவ ஒண்ணும் வரல, ஆஃப் பண்ணி மெல்லிசு கம்பி விட்டு நோண்டினா கல்லுப்பு உதிர்ந்துச்சு. ரெண்டாவது தடவ விரல் நீட்டி வெச்சேன், வெதுவெதுன்னு அடிச்சுது பாருங்க, மச்சான் விசிலே அடிச்சிட்டான். புகைக்கு மேல்வீட்டு ஆன்ட்டி திட்டினது தனிக்கதை.

தண்ணிக்கு போகும்போது கில் ஸ்விட்ச் கயிறு (நீங்க விழுந்தா இன்ஜின நிறுத்துறது) கையில, லைஃப் ஜாக்கெட் ஒடம்புல, துடுப்பு படகுல. சில சின்ன மோட்டார்ல ப்ரொப்பல்லருக்கு ஷியர் பின் (எதுலயாவது மோதினா முதல்ல ஒடையற குட்டி ஊசி) வரும், ரெண்டு எக்ஸ்ட்ராவும் ஒரு ப்ளக்கும் டப்பால போட்டு வைங்க. எங்க ஓட்டலாம்னு அந்த ஊரு மீனவர் பஞ்சாயத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு எறக்குங்க, வலை போட்ட எடத்துல போய் சிக்கினா நரம்பு திரும்பவும் சீல்லதான் சுத்தும். திரும்பி வந்ததும் அதே ட்ரம்ல நல்ல தண்ணி ரொப்பி பத்து நிமிஷம் ஓட்டுங்க, கடைசியில பெட்ரோல் குழாய பிடுங்கிட்டு தானா நிக்கற வரைக்கும் விடுங்க, கார்புரேட்டர் காலியாயிடும். தண்ணி முழுக்க வடியற மாதிரி நேரா நிக்க வெச்சுட்டு போய் குளிங்க.