அரிப்புக்கு மருத்துவர் எழுதித் தந்த களிம்பைப் பூசும் முறை

கரப்பான் போன்ற தோல் அழற்சியால் வரும் அரிப்புக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு களிம்புகளையே எழுதித் தருகிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைக் களிம்புதான். ஆனால் ஹைட்ரோகார்ட்டிசோன் வீரியம் குறைந்தது, குளோபெட்டசோல் மிகவும் வீரியமானது. ஆகவே முதலில் டியூபில் உள்ள பெயரையும் காலாவதித் தேதியையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, கைகளையும் பூச வேண்டிய இடத்தையும் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள்.

பலரும் தடுமாறுவது அளவில்தான். பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். அரிப்பு ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் இருந்தால் அதில் பாதியே போதும். தோல் லேசாகப் பளபளக்கும் அளவுக்கு, முடி வளரும் திசையில் மெல்லத் தடவுங்கள். வெள்ளையாகப் படிந்து நின்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள். ஈரப்பத களிம்பும் பூசுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். மருத்துவர் சொல்லாமல் மேலே கட்டுப் போட வேண்டாம். மூடிய தோல் மருந்தை மிகுதியாக உறிஞ்சிக்கொள்ளும். குழந்தையின் டயபருக்கு உட்பட்ட இடத்தில் இதே ஆபத்து உண்டு.

முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது என்பதால், கைகாலுக்கென்று தந்த வீரியமான களிம்பை அங்கே பூசக் கூடாது. பூசி முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். கையிலேயே அரிப்பு இருந்து அதற்காகப் பூசியிருந்தால் மட்டும் கழுவ வேண்டியதில்லை.

குளோபெட்டசோலைப் பொதுவாக இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்வதில்லை. அதே சமயம், ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கே அஞ்சி இரண்டாம் நாளே நிறுத்துவதும் சரியல்ல. அரை குறையாக ஆறிய அரிப்பு திரும்பி வரும். பல மாதங்களாகப் பூசி வருபவர்கள் திடீரென நிறுத்தாமல், படிப்படியாகக் குறைக்கும் வழியை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மிச்சமிருக்கும் டியூபை வீட்டில் மற்றவருக்குக் கொடுப்பதுதான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. அவருக்கு இருப்பது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு சில நாள் அரிப்பை அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையைப் பரவ விடும். வட்டத்தின் விளிம்பு மங்கிப்போவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். இத்தகைய களிம்புகள் பலவற்றை இந்திய அரசு 2018ஆம் ஆண்டில், சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் எச் அட்டவணையில் சேர்த்தது.

பூசிய இடம் மெலிந்து சிவப்பு ரத்த நாளங்கள் தெரிந்தாலோ, சீழ் வைத்தாலோ, சொன்ன நாள் முடிந்தும் அரிப்பு அடங்காவிட்டாலோ, அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.