எஞ்சின் பில்ட் பண்றப்போ கம்பெனி போல்ட்டை மாத்தணுமா? முதல் தடவை பண்றவங்களுக்கு

பெர்ஃபார்மன்ஸ் எஞ்சின் பில்டுன்னு இறங்கினா போல்ட் விஷயத்துல ரெண்டு விதமா அட்வைஸ் வரும். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ரேஸ் போல்ட் போடும்பாங்க, இல்லன்னா கம்பெனிக்காரன் தெரியாமலா போட்டான், அதுவே போதும்பாங்க. ரெண்டையும் அப்படியே நம்பாதீங்க. நீங்க பண்ணப்போற மாற்றம் எந்த போல்ட் மேல லோடு ஏத்துதுன்னு பாருங்க, மாத்த வேண்டியது அதைத்தான்.

ஸ்டெப் 1: என்ன மாறுதுன்னு எழுதி வைங்க

ரெண்டு விஷயம் போதும். ரெட்லைன் (எஞ்சினை சுத்த விடற அதிகபட்ச ஆர்பிஎம்) எவ்வளவு ஏறுது, சிலிண்டருக்குள்ள பிரஷர் எவ்வளவு ஏறுது. ஆர்பிஎம் ஏறுதுன்னா ராடு போல்ட்டை (பிஸ்டனை கிராங்க்கோட இணைக்கிற ராடோட கீழ் முனையில கேப்பைப் பிடிக்கிறது) பாருங்க, டர்போ வைக்கிறீங்க இல்ல கம்ப்ரஷன் ஏத்துறீங்கன்னா ஹெட்டை பிளாக்கோட பிடிக்கிற ஹெட் போல்ட்டைப் பாருங்க, கிராங்க்கை பிளாக்ல பிடிச்சு வைக்கிற மெயின் கேப் போல்ட்டுக்கு ரெண்டு பக்கமிருந்தும் அடி விழும். எக்ஸாஸ்ட், இன்டேக், சின்ன டியூனிங் மட்டும்தான், ரெட்லைன் பழையபடியேதான்னா புது கம்பெனி போல்ட் வாங்கி ஒழுங்கா டைட் பண்ணாலே போதும். "புது"ங்கறதை கவனிங்க. இப்போ வர்ற நிறைய எஞ்சின்ல ஹெட் போல்ட், ராடு போல்ட் எல்லாம் ஒரு டார்க் (முறுக்கி இறுக்கற அளவு) வச்சு அப்புறம் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரின்னு திருப்புற டைப். அது இழுபட்டு லேசா நீண்டுதான் பிடிக்கும், அதனால கழட்டினா திரும்பப் போடக் கூடாது.

ஸ்டெப் 2: ராடு போல்ட், இதுக்குத்தான் முதல் காசு

பவர் ஸ்ட்ரோக்ல வெடிக்கிற வெடிதான் ராடு போல்ட்டை உடைக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அப்போ பிஸ்டன் ராடை கீழ தள்ளுது, போல்ட்டை யாரும் இழுக்கல. இழுவை வர்றது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடியற இடத்துல. பிஸ்டன் மேல ஏறி வந்து நின்னு திரும்பி கீழ போகணும், மேல இருந்து அழுத்த கேஸ் பிரஷர் பெருசா இல்ல, அந்த மொத்த எடையையும் பிடிச்சு இழுக்கறது அந்த ரெண்டு போல்ட்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்ட்ரோக் 86 மி.மீ., ராடு நீளம் 140 மி.மீ.க்கு பக்கத்துல, பிஸ்டன், பின், ரிங், ராடோட மேல் பாகம் எல்லாம் சேர்ந்து 600 கிராம்னு வைங்க. 7000 ஆர்பிஎம்ல இழுவை கிட்டத்தட்ட 1.8 டன், அதையே 8000க்கு ஏத்தினா 2.4 டன். ஆர்பிஎம் ஏறுனது 14 சதவீதம், லோடு ஏறுனது 30 சதவீதம், ஏன்னா இது ஸ்கொயர்ல ஏறும். செகண்டுக்கு 66 தடவை இப்படி இழுத்து விட்டா சோர்ந்து போற போல்ட் முன்கூட்டி சொல்லிட்டு உடையாது, உடைஞ்சா ராடு பிளாக்கைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்துடும். அதனால ரெட்லைன் ஏத்துறதா இருந்தா இதுல மிச்சம் பிடிக்காதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

ஸ்டெப் 3: ஹெட்

86 மி.மீ. போர்ல 100 பார் பிரஷர் வந்தா ஹெட்டை மேல தூக்கற விசை கிட்டத்தட்ட 6 டன், இது ஒரு சிலிண்டருக்கு மட்டும். பூஸ்ட் ஏத்த ஏத்த இதுவும் ஏறும், போல்ட் போதலன்னா ஹெட் மயிரிழை அளவு தூக்கிக் குடுக்கும், கேஸ்கெட் போயிடும். இங்க ஸ்டட் (தலை இல்லாம ரெண்டு முனையிலயும் மரை இருக்கிறது, மேல நட்டு போட்டு இறுக்கறது) நல்லது. போல்ட்டை டைட் பண்றப்போ அது முறுக்கவும் படுது இழுக்கவும் படுது, ஸ்டட்ல மேல இருக்கிற நட்டு மட்டும் சுத்தறதால முறுக்கல் குறைவு, அலுமினிய பிளாக்கோட மரையும் தேயாது. ஸ்டட்டை பிளாக்ல கையாலயே ஏத்துனா போதும், ரெஞ்ச் போட்டு இறுக்காதீங்க.

ஸ்டெப் 4: எந்த போல்ட் வாங்கறது

தலையில 10.9ன்னு இருந்தா 1000 மெகாபாஸ்கல் வரைக்கும் தாங்கும், அதுல 90 சதவீதத்துல நிரந்தரமா நீள ஆரம்பிக்கும்னு அர்த்தம். 12.9ன்னா 1200. ஏஆர்பி மாதிரி கம்பெனியோட 8740 குரோமோலி போல்ட் ஏறக்குறைய 1300, அவங்களோட ஏஆர்பி 2000ங்கற மெட்டீரியல் 1500க்கு கிட்ட. அவங்களோட எல்19ங்கற மெட்டீரியல் இன்னும் மேல போகும், ஆனா ஈரம் பட்டா விரிசல் விடற மெட்டீரியல், எப்பவும் ஆயில் தடவியே வைக்கணும், பழகாதவங்க அந்தப் பக்கம் போக வேண்டாம். அதேபோல கடையில கிடைக்கிற 12.9 ஆலன் போல்ட்டை ராடுல போடற ஐடியா வந்தா அப்பவே விட்டுடுங்க, ராடு போல்ட்டோட தண்டு, தலைக்கு கீழ இருக்கிற வளைவு, மரை எல்லாமே திரும்பத் திரும்ப வர்ற இழுவைக்குன்னே செஞ்சது.

ஸ்டெப் 5: லேத்து வேலை, இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க

புது போல்ட் வேற விசையில இறுக்கும், அதனால ராடோட பெரிய துளை வட்டம் மாறும். புது போல்ட் போட்டு டைட் பண்ணி, அளந்து, தேவைன்னா ஹோனிங் (துளையை உள்பக்கம் தேய்ச்சு சரியான வட்டமாக்கறது) பண்ணணும். மெயின் ஸ்டட் மாத்துனாலும் இதே கதை, கிராங்க் உக்கார்ற லைன் முழுக்க செக் பண்ணணும். உங்க ராடு, கேப்பை வெட்டாம உடைச்சே பிரிச்ச டைப்பா இருந்தா கேப் முகத்தை சீவி சரி பண்ண முடியாது, அப்போ செலவைக் கூட்டிப் பாத்தா நல்ல போல்ட்டோடவே வர்ற ஃபோர்ஜ்டு ராடு செட் வாங்கறது மேல்.

ஸ்டெப் 6: டைட் பண்றது

நீங்க டார்க் ரெஞ்ச்ல குடுக்கற பலத்துல 10 சதவீதம்தான் போல்ட்டை இழுக்கும், மிச்சம் எல்லாம் தலைக்கு அடியிலயும் மரையிலயும் உரசல்லயே போயிடும். அதனாலதான் எந்த லூப் (வழுக்கறதுக்கு தடவற ஆயில், பேஸ்ட்) போடறீங்கங்கறது இவ்வளவு முக்கியம். எஞ்சின் ஆயிலுக்கு குடுத்த நம்பரை வழவழன்னு இருக்கிற ஸ்பெஷல் லூப் போட்டு வச்சா ஓவரா இழுத்துடும், உல்டாவா பண்ணா லூசா நிக்கும். போல்ட் பாக்கெட்ல எந்த லூப் போட்டிருக்கோ அதே, எந்த டார்க் போட்டிருக்கோ அதே. பழைய கம்பெனி மேனுவல் டார்க் இங்க செல்லாது.

அடியில திறக்காத அடைப்பு துளையா இருந்தா உள்ள ஆயில் தேங்கியிருக்கான்னு பாருங்க, போல்ட் இறங்கறப்போ ஆயில் போக இடமில்லாம பிளாக்கே விரிசல் விடும். மரையை கிளீன் பண்ண கட்டிங் டேப் விடாதீங்க, மெட்டலை சீவிடும், மெட்டலை வெட்டாம மரையை சுத்தம் மட்டும் பண்ற மரை சேசர் போதும். தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள போற துளைன்னா சீலன்ட் தடவுங்க. வாஷர்ல சாம்ஃபர் (துளை ஓரத்தை சரிவா சீவினது) இருந்தா அந்தப் பக்கம் போல்ட் தலையைப் பாத்து இருக்கணும்.

ராடு போல்ட்டுக்கு முடிஞ்சா ஸ்ட்ரெச் கேஜ் வாங்குங்க, எவ்வளவு நீளுதுன்னு நேராவே அளக்கலாம், உரசல் பஞ்சாயத்தே இல்ல. மாட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு போல்ட்டோட நீளத்தையும் சிலிண்டர் நம்பரோட எழுதி வைங்க. அடுத்த தடவை எஞ்சின் பிரிக்கறப்போ திரும்ப அளந்து 0.025 மி.மீ. கூடுதலா இருந்தா அந்த போல்ட்டை தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுங்க.