செட்டிநாட்டு வீட்டு போட்டோவை லினோகட் பிரிண்ட்டா மாத்துறது எப்படி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போறவங்க எல்லாரும் போன்ல வீடு வீடா போட்டோ எடுத்துத் தள்ளுவோம்ல, அதுல ஒண்ணை லினோகட்டுக்கு (லினோங்கிற மெதுவான ஷீட்டுல படத்தை வெட்டி, இங்க் தடவி பேப்பர்ல அச்சு எடுக்குறது) எடுக்கணும்னா வெயில் சாய்வா விழுந்து வளவுத் தூணோட (உள்முற்றத்துத் தூண்) நிழல் தரையில நீளமா கிடக்குற போட்டோவா பாருங்க, உச்சி வெயில்ல எடுத்தது சப்புனு இருக்கும், தேக்கு நிலைக்கதவை முழுசா வெட்டவும் ஆசைப்படாதீங்க, அந்த வேலைப்பாட்டுல ஒரு மூலை போதும்.

போன்லயே கலரை எடுத்துட்டு கான்ட்ராஸ்ட்டை நல்லா ஏத்துங்க, நடுவுல சாம்பல் நிறமே இருக்கக்கூடாது, ஒண்ணு கருப்பு இல்ல வெள்ளை. லேசர் பிரிண்ட் இல்லன்னா ஜெராக்ஸ்தான் எடுக்கணும், இங்க்ஜெட் இதுக்கு ஆகாது. அதை லினோ மேல குப்புற வச்சு டேப் ஒட்டி, பஞ்சுல அசிட்டோன் தொட்டு பின்பக்கம் தேய்ச்சா டோனர் (பிரிண்ட்ல இருக்குற கருப்புப் பொடி) அப்படியே இறங்கிடும் (ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க, நெடி தாங்காது). படம் இடவலம் மாறித்தான் விழும், அதான் வேணும், அச்சு எடுக்கும்போது நேராகிடும், அதனால முன்னாடியே மிரர் பண்ணிடாதீங்க.

வெள்ளையா வரவேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுங்க. லினோ ஆளிவிதை எண்ணெயில செய்றது, குளிர்ந்தா விறைச்சுக்கும், அஞ்சு நிமிஷம் வெயில்ல வச்சா வெண்ணெய் மாதிரி வெட்டும். பிடிக்கிற கை எப்பவும் உளிக்குப் பின்னாடி. இங்க்கை ரோலர்ல லினோ மேல மெலிசா உருட்டி, பேப்பர் போட்டு கரண்டி முதுகால தேய்ங்க, பிரஸ்லாம் வேண்டாம்.